எடைமேடைக்காரியின் எட்டாம் மாதம்

எங்கள் மூத்த மருமகள். பிறந்தது 1994, எடைமேடையில் பணியேற்றது 2016, முதன்முதலாகக் கருவுற்றது 2023இன் இறுதியில். லாரி ஓட்டுநர்கள் அவளை ‘மேடையக்கா’ என்றே அழைப்பார்கள். இங்கும் அப்பெயரே போதும்.

எடைமேடை என்பது தரையோடு தரையாகப் பதித்த இரும்புத் தளம். சரக்கு வண்டி அதன்மேல் வந்து நின்றதும் கண்ணாடி அறைக்குள் எடை ஒளிரும். அளவு மீறியிருந்தால் மேடையக்கா சீட்டுத் தரமாட்டாள். மிகுதியை இறக்கி வைத்துவிட்டு வண்டி மறுபடியும் ஏற வேண்டும். எந்த முதலாளி தொலைபேசியில் சீறினாலும் இதில் மாற்றமில்லை.

அவள் கருவுற்ற செய்தி தெரிந்ததும் என் மனைவி அடுப்படியை முழுதாகத் தன் வசப்படுத்திக்கொண்டாள். “ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்மா” என்பாள். தட்டு காலியாகும் முன்பே கரண்டி வந்துவிடும். ஐந்தாம் மாதப் பரிசோதனையில் செவிலியர் எச்சரித்தார்: எடை வேகமாக ஏறுகிறது, ரத்த அழுத்தமும் மேல்வரம்பை ஒட்டி நிற்கிறது. மேடையக்கா நடுங்கிப்போனாள். அவளுடைய தாய்க்குப் பேறுகாலத்தில் அழுத்தம் கூடி வலிப்பு வந்து, முதற்குழந்தை தங்காமற்போயிற்று. அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தவள் அவள்.

ஆகவே தன் தொழில்முறைப்படியே நடந்துகொண்டாள்: மிகுதியை இறக்கினாள். காலையில் வெறும் தேநீர், நண்பகலில் பாதித் தட்டு, இரவில் ஒரு பழம். கேட்டால், “பசிக்கல அத்தை.” அடுத்த பரிசோதனையில் எடை குறைந்திருந்தது. வெற்றிச் சிரிப்போடு கருவியிலிருந்து இறங்கியவள், தலைசுற்றிப் பக்கத்து நாற்காலியில் சாய்ந்தாள்.

செவிலியர் இடுப்பில் கைவைத்து நின்றார்.

“காலைல என்ன சாப்பிட்ட?”

“டீ.”

“அப்புறம்?”

“இன்னொரு டீ.”

“நல்லா இருக்கு! ஓவர்லோடுன்னு சரக்க இறக்கிட்டியாக்கும்? அம்மா தாயே, நீ லாரி இல்ல. எடை ஏறத்தான் வேணும். மளமளன்னு ஏறக் கூடாது, அவ்வளவுதான். நீ பட்டினி கிடந்தா உள்ள இருக்கறதுக்கு யாரு சோறு போடுவா?”

அன்று மாலையே வீட்டில் பேச்சு எழுந்தது.

“அப்போ நான் ஊட்டி ஊட்டிக் கெடுத்துட்டேங்கறியா?” என்றாள் என் மனைவி.

“ஐயோ இல்ல அத்தை. கரண்டியக் கொஞ்சம் கீழ வைங்க, அது போதும்.”

கரண்டி இறங்கியது. முட்டையும் பருப்பும் கீரையும் அளவாகத் தட்டில் ஏறின. நேரந்தவறாது உண்டாள், உணவு இடைவேளையில் லாரிகளின் வரிசையோரம் நடந்தாள். “அக்கா, மேடைப் பக்கம் போயிடாதீங்க, ஓவர்லோடுன்னு காட்டிடும்!” என்று ஓர் ஓட்டுநர் கேலி செய்தான். “என் சரக்குக்கு டாக்டரம்மா பர்மிட் குடுத்தாச்சு. நீ முதல்ல அந்த மணல்ல பாதிய இறக்கு” என்றாள். எடை சீராக ஏறியது; அழுத்தம் அடங்கியிருந்தது.

எட்டாம் மாத இறுதியில் ஒரே வாரத்தில் எடை தாவியது. செருப்பு நுழையவில்லை, காலையில் முகமும் கண்ணிமைகளும் உப்பியிருந்தன.

“எல்லாருக்கும் கால் வீங்கும்மா. எனக்குந்தான் தூண் மாதிரி வீங்குச்சு” என்றாள் என் மனைவி.

“நாளன்னைக்குச் செக்கப் இருக்கே, அப்பக் கேட்டுக்கலாம்” என்றான் மகன்.

மேடையக்கா அதற்குள் பையைத் தோளில் மாட்டிவிட்டாள். “என்னங்க, என் சாப்பாடு மாறல, நடை மாறல. எடை மட்டும் எப்படித் தாவும்? தலை வேற பிளக்குது. வண்டிய எடுங்க. இல்லன்னா நான் ஆட்டோ பிடிச்சிக்கறேன்.”

வண்டி கிளம்பியது. அழுத்தம் மிக உயர்ந்திருந்தது. சிறுநீரில் புரதம் கண்டிருந்தது. உடனே மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டார்கள். வலிப்பு வராமல் தடுக்க மருந்து ஏற்றினார்கள். சில நாள் கண்காணித்து, குறித்த நாளுக்கு முன்பே பிள்ளைப்பேற்றை நிகழ்த்தினார்கள். பெண் குழந்தை. சிறிதாயினும் வாட்டமில்லை, பிறந்ததும் போட்ட கூச்சல் வெளியே நின்ற எங்களுக்குக் கேட்டது. “ரெண்டு நாள் பொறுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு சொல்ல முடியாது. உங்க மருமக கெட்டிக்காரி” என்றார் செவிலியர்.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் என் மனைவி இதையே ஒப்பித்தாள். “நான் தடுத்தேன், கேட்டாளா? எங்க வீட்டு மருமகளாச்சே!” என்று, தான் தடுத்ததையும் ஏதோ பட்டயம்போல் சேர்த்துக்கொண்டாள். நானும் மறுக்கவில்லை. மருமகளைப் பற்றிப் பெருமை பேச எனக்கும் ஆள் வேண்டியிருந்தது.

தாய்க்கு அழுத்தம் உடனே இறங்கிவிடவில்லை. மாத்திரை தொடர்ந்தது, அளவு படிப்படியாகக் குறைந்தது, பின்னர் மருத்துவர் இனி வேண்டாம் என்றார். கடைசி மாத்திரையை அவள் விழுங்கியது 2024 அக்டோபர் ஒன்பதாம் நாள்.