கூட்டுக் காசு

அன்று கோர்ட்டில் இருந்தவர்கள்: நான். சட்ட உதவியில் கிடைத்த மலாய்க்கார வக்கீல் பெண். எங்களை விட்டுப் போன, மகளின் அப்பா. அவருடைய அக்கா. எங்கள் பேச்சை நீதிபதிக்கு மலாயில் சொல்கிற மொழிபெயர்ப்பாளர், தமிழர். அவர் யார் பக்கத்து ஆள் என்று எனக்குத் தெரியவில்லை. மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

நான் கேட்டது ஒன்றுதான். மகளுக்குச் செலவுக் காசு. அவளுடைய அப்பா சுங்கை ஊடாங்கில் கான்ட்ராக்ட் வேலை செய்கிறார். வீட்டை விட்டுப் போனதிலிருந்து மகளுக்கென்று ஒன்றும் தந்ததில்லை.

உள்ளே கூப்பிடுவதற்கு முன்னால் அவருடைய அக்கா என்னிடம் வந்தார். கையில் ஒரு பொட்டலம் தே ஐஸ், ஐஸ் போட்ட டீ.

"குடிம்மா. வெயில்ல வந்திருக்க."

கல்யாணம் ஆன நாளிலிருந்து இவர் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை நான். வாங்கிக்கொண்டேன். குடிக்கவில்லை.

"கூட்டு இன்னும் நடக்குதாம்மா?"

"ஏன் அண்ணி?"

"சும்மா கேட்டேன்லா."

சும்மா கேட்கிற ஆள் இல்லை அவர்.

டுரியான் துங்கால் பக்கம் நாங்கள் குடியிருக்கிற தோட்டத்தில் நான்தான் கூட்டு நடத்தினேன். பத்துப் பெண்கள். மாதம் ஆளுக்கு இருநூறு வெள்ளி கட்டுவோம். சேர்ந்த காசை மாதம் ஒருத்தி எடுத்துக்கொள்வாள். நடத்துகிறவளைத் தாய் என்போம். சட்டத்தில் அதற்கு இடமில்லை. எல்லாரும் கட்டுவோம், யாரும் வெளியில் பேசமாட்டோம். அண்ணியும் அதில் ஓர் ஆள்; நடக்கிறதா என்று அவர் கேட்கவே தேவையில்லை. "எனக்கு பேங்க்கு கீங்க்கு தெரியாதும்மா, தம்பி கணக்குலேர்ந்து போட்டு விடுறேன்" என்றார். நம்பினேன்.

உள்ளே போனதும் மகளின் அப்பா பேங்க் தாள்களை நீட்டினார். மாதா மாதம் இருநூறு, என் கணக்குக்கு. பிள்ளைக்குத் தவறாமல் கொடுக்கிறேன், அதற்கு மேல் முடியாது என்றார்.

என் வக்கீல் என்னைப் பார்த்தாள். கூட்டு விஷயத்தை அவளிடம்கூட நான் சொல்லவில்லை.

மொழிபெயர்ப்பாளர் கேட்டார்: "இந்தக் காசு வந்துச்சாம்மா?"

"வந்துச்சு."

"புள்ளைக்குத்தானே?"

அந்தத் 'தானே' எனக்குப் பிடிக்கவில்லை.

தே ஐஸும் அந்தக் கேள்வியும் எதற்கு என்று அப்போது விளங்கியது. ஆமாம் என்றால் மகளுக்கு அதோடு முடிந்தது. இல்லை என்றால் கூட்டு என்று என் வாயால் சொல்லவேண்டும், மாட்டுவது நான். சொல்லமாட்டேன் என்று நினைத்துத்தான் வந்திருக்கிறார்கள்.

"இல்ல. அது கூட்டுக் காசு."

மொழிபெயர்ப்பாளர் குரலைத் தாழ்த்தினார். "என்ன கூட்டு? சாப்பிடுற கூட்டா?"

தப்பிக்க வழி விட்டாரா, வாயைக் கிளறினாரா, இன்றுவரை தெரியாது.

"மாசா மாசம் கட்டுற கூட்டு. அவங்க அக்கா பங்கு அது. நான்தான் தாய்."

மலாயில் சொன்னார். சொல்லி முடிக்கவில்லை, பின்னால் அண்ணி எழுந்துவிட்டார்.

"ஐயோ! என்னை எதுக்கு இழுக்குற? நடத்துனது நீ! நான் காசு கட்டுனவ மட்டுந்தான்!"

"அக்கா, வாயை மூடுலா!" என்றார் தம்பி.

அந்த அம்மா என்ன சொன்னார் என்று நீதிபதி கேட்டார். மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல் விடாமல் சொன்னார். மகளின் அப்பா பேங்க் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தார்.

கூட்டு நடத்துவது குற்றம், தெரியுமா என்று நீதிபதி என்னைக் கேட்டார். தெரியும் என்றேன். ஏதோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று யாரும் சொல்லவில்லை. இன்றைக்கே நிறுத்திவிடு என்றாள் என் வக்கீல். நிறுத்திவிட்டேன். ஆனாலும் தெரியாத மோட்டார் சைக்கிள் ஒன்று வாசலில் நின்றால் திரைச்சீலையை விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கிறேன்.

தீர்ப்பை மொழிபெயர்ப்பாளர் இரண்டு தடவை சொன்னார். அப்படியும் வக்கீலைத் தாளில் எழுதிக் காட்டச் சொன்னேன்.

மாதம் நானூற்று ஐம்பது வெள்ளி.