எந்த லயம்?

வண்டிப்பெரியாரில் தேயிலைத்தூள் கடை வைத்திருந்த அவர் யாரிடமும் முதலில் பெயரைக் கேட்கமாட்டார். காதில் செருகிய பென்சிலை எடுத்துக்கொண்டே, "எந்த லயம்?" என்பார். எஸ்டேட் தொழிலாளர் வீட்டு வரிசைக்கு அங்கே அதுதான் பெயர்.

ஊரை விட்டுப் போனவர்கள் ஆர்டர் செய்ய அவருக்கு வெப்சைட் செய்துகொடுத்தேன். டேட்டாபேஸில் பெயர், போன், முகவரி எல்லாம் பார்த்துவிட்டு, "லயத்துக்கு எடம் எங்க தம்பி?" என்றார்.

"அதான் விட்டுட்டுப் போயிட்டாங்களேண்ணே."

"போன் நம்பர் மாறும், வீடு மாறும். பொறந்த லயம் மாறுமா?"

சேர்த்தேன். சோதனைக்காக என் பெயரைப் பதிந்து, அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். மறைந்த என் அம்மா அந்த ஊர் எஸ்டேட்டில் பிறந்தவள். எந்த லயம் என்று எனக்குத் தெரியாது என்றேன். அவள் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டார்.

சென்ற மாதம் வெப்சைட்டைப் புதுப்பிக்கத் திறந்தேன். என் பெயருக்கு நேரே, "ஆறாம் நம்பர் லயம், கடைசி வீடு" என்றிருந்தது.

எத்தனை பேரிடம் விசாரித்தாரோ! நான் அம்மாவிடமே கேட்டதில்லை.