மாமியின் தென்னையில் கட்டிய ஆன்டெனா

மாதாந்திரப் பராமரிப்பு, காலையிலிருந்து கரண்ட் இருக்காது என்று அறிவிப்பு வந்தால் குஷியாகிற ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? கீழக்கரையில் ஒருத்தி இருக்கிறாள். நான்தான். கரண்ட் இருக்கும்வரை என் ரேடியோவில் தெருவே இரையும். எல்இடி பல்பு, மிக்சி, சார்ஜர் எல்லாம் கலந்த இரைச்சல். கரண்ட் போனால் அத்தனையும் அடங்கும். எங்கோ ஒருத்தர் மெதுவாகப் பேசுவதுகூடக் கேட்கும்.

நான் ஹாம், அதாவது வானொலி அலையில் பேசுவதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கிற ஆள். இசிஇ முடித்த கையோடு பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினேன். ரிசீவரைக் கடையில் வாங்கவில்லை. உதிரிப் பாகங்களாகக் கிட் வரவழைத்து நானே ஈயம் உருக்கி சால்டர் செய்தேன். ஆன்டெனா வெறும் செம்புக் கம்பிதான், ஆனால் இருபது மீட்டர் வேண்டும். எங்கள் மொட்டை மாடி அவ்வளவு நீளம் இல்லை. அதனால் ஒரு முனை எங்கள் தண்ணீர்த் தொட்டியில், மறுமுனை பக்கத்து வீட்டு மாமியின் தென்னையில்.

பிரச்சினை ஒரு விசில். தென் மாவட்ட ஹாம்கள் தினமும் காலையில் கூடிப் பேசுகிற, டயலின் அதே இடத்தில், ‘பீ’ என்று நிற்காத ஒலி. பலமாக வருகிறவர்கள் பரவாயில்லை. சாயல்குடிப் பக்கம் ஒருத்தர் குறைந்த பவரில் வருவார். அவர் குரல் விசிலுக்கு அடியில் போய்விடும். புயலில் செல்போன் டவர் படுத்தால் இந்தக் கூட்டம்தான் செய்தி கடத்தும். அவரைக் கேட்க முடியாவிட்டால் நான் எதற்கு?

மாமி வீட்டில் புதிதாக சோலார் இன்வெர்ட்டர் மாட்டியிருந்தார்கள். துபாயிலிருந்து மாமா பணம் அனுப்பியது. இன்வெர்ட்டர் ரேடியோவைக் கெடுக்கும் என்று இன்டர்நெட் முழுக்க எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது போதும்.

“மாமி, உங்க இன்வெர்ட்டர்தான் எனக்கு விசிலடிக்குது.”

“என் வீட்டு இன்வெர்ட்டர் ஒனக்கு எதுக்குப் புள்ள விசிலடிக்கணும்? அதுக்கு என்ன வயசாவுது?”

சுவருக்கு இந்தப் பக்கம் உம்மா சிரித்தார். நான் விடவில்லை. அதைக் கொல்லைப் பக்கம் மாற்றச் சொல்லித் தினமும் போய் நின்றேன். கடைசியில் மாமியே பந்தயம் கட்டினார்.

“கரண்டு இல்லாத அன்னைக்கு நானும் அத நிப்பாட்டிட்டு வேர்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன். விசில் நின்னுச்சுன்னா ஆளக் கூப்பிட்டு மாத்திடுறேன். நிக்கலன்னா ஒன் கம்பிய என் மரத்துலேந்து அவுத்துடணும். தேங்கா வெட்டுறவரு அதப் பாத்துட்டு ஏறவே மாட்டேங்கிறாரு. காய் முத்தித் தானா விழுது. அங்கன நடக்கவே பயமா இருக்கு.”

“சரி மாமி.” யோசிக்கவே இல்லை.

மின்தடை நாளன்று ரிசீவரை பைக் பேட்டரியில் மாட்டினேன். மாமி இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு, அட்டையால் விசிறிக்கொண்டே எங்கள் மாடிக்கு ஏறி வந்துவிட்டார்.

இரைச்சல் போயே போய்விட்டது. யாரோ இரண்டு பேர் பேசுவது செம தெளிவு. அதன் நடுவில் ‘பீ’.

“இதானா?”

“இருங்க மாமி.”

ஆன்டெனாவைப் பிடுங்கினேன். வெளியிலிருந்து வருவது எதுவானாலும் கம்பி வழியாகத்தான் வரவேண்டும். பேச்சு நின்றது. விசில் துளிகூடக் குறையவில்லை. அப்படியென்றால் அது பெட்டிக்குள்ளேயே பிறக்கிறது. டயல் எண்ணைக் காட்டுகிற டிஸ்ப்ளேயின் ஒயரைக் கழற்றினேன். உடனே அமைதி. டிஸ்ப்ளேயில் இருக்கிற சிப்பின் துடிப்பு ரிசீவருக்குள் கசிந்து, நிஜ ஸ்டேஷன் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அந்த டிஸ்ப்ளே கிட்டோடு வந்ததுகூட இல்லை. நீல நிறத்தில் எரியுமே என்று கெத்துக்காக நானே மாட்டியது.

மாமிக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

“அப்ப ஒன் பொட்டியேதான் ஒனக்கு விசிலடிச்சிருக்கு.”

“ஆமா மாமி.”

“வெட்டுறவரு நாளைக்கு வாராரு. இன்னைக்கே அவுத்துடு. ஒனக்கு ரெண்டு எளநி எடுத்து வைக்கிறேன்.”

அவிழ்த்தேன். இளநீரும் குடித்தேன். கம்பி இப்போது எங்கள் மாடிக்குள்ளேயே மூன்றாக மடங்கிக் கிடக்கிறது; பலமான குரல்கள் மட்டும்தான் அதில் சிக்குகின்றன. விசில் இல்லை. சாயல்குடிக்காரரின் குரலும் இல்லை.