தலைச்சோலையில் தூங்கிய போன்

இன்று காலை பக்கத்து வீட்டில் யாரோ சால்டரிங் வைத்தார்கள். ஈயம் உருகும் அந்தப் புகை ஜன்னல் வழியாக வந்ததும், பாழாய்ப்போன மூக்கு என்னைப் பழைய பெங்களூர் லேப்புக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அப்போது நான் செல்போன் சிப் வடிவமைக்கிறவன். டூ-ஜி, த்ரீ-ஜி, ஃபோர்-ஜி எல்லா டவரோடும் பேசுகிற ரேடியோவை நகத்தளவு இடத்தில் அடக்க வேண்டும். பேட்டரியையும் தின்னக் கூடாது. அதிகம் தின்பது எது தெரியுமா? டவர் கிடைக்காத போன்தான். மாறி மாறித் தேடியே செத்துப்போகும். அதனால், தேடிக் கிடைக்காவிட்டால் தூங்கு, மறுபடியும் கிடைக்காவிட்டால் இன்னும் அதிக நேரம் தூங்கு என்று பழக்கினேன். மூன்று நாள் சார்ஜ் நின்றது. லேப்பில் கேக் வெட்டினார்கள். பெரிய மேதாவி அல்லவா, எனக்கு வாயெல்லாம் பல்.

அந்த சிப் போட்ட முதல் போனை ஏற்காட்டு மலையில், தலைச்சோலையில் இருந்த அக்காவுக்குக் கொடுத்தேன். காபி பறிக்கிற இடத்தில், "என்ற தம்பி செஞ்சதுங்க" என்று எல்லாரிடமும் காட்டுவாளாம். அந்த ஊரில் ஒரே ஒரு பாறைமேல்தான் டவர் கிடைக்கும். ஏறி, பேசி, இறங்கிவிட வேண்டும். அதில் நின்று எத்தனையோ தடவை பேசியவன் நான். லேப்பில் உட்கார்ந்தபோது அந்தப் பாறை எனக்கு ஞாபகமே வரவில்லை.

ஒரு மதியம் தோட்டத்தில் அக்காவை விரியன் கடித்துவிட்டது. பக்கத்து ஊர் வாழவந்தியிலிருந்து ஜீப்பைக் கூப்பிட, அக்கா வீட்டுக்காரர், என் மாமா, அந்தப் போனோடு பாறைக்கு ஓடினார். டவர் இருந்தது, கீழே வெகுநேரம் தேடிக் கிடைக்காமல் போன் நீளமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. ஒருமுறை அணைத்துப் போட்டிருந்தால் உடனே விழித்திருக்கும். அதை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. நின்று நின்று பார்த்துவிட்டு வாழவந்திக்கே ஓடியிருக்கிறார். ஜீப் அடிவாரம் இறங்குவதற்குள் அக்கா போய்விட்டாள்.

காரியம் முடிந்து கிளம்பும்போது, எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் மாமாவிடம் போனேன். அவர் முந்திக்கொண்டார்.

"போனை ஒண்ணுஞ் சொல்லக் கூடாதுங்க மாப்ள. டவருதான் கழுத்தை அறுத்துப்போட்டுது. இது நொம்ப நல்ல போனுங்க, மூணு நாளைக்கு சார்ஜ் நிக்குது."

"ஆமாங்க மாமா" என்றேன். வெட்கங்கெட்ட வாய்.

பிறகு அந்த வேலையை விட்டேன். லேப்பையும் மூடிவிட்டார்கள். தலைச்சோலையில் இப்போது எங்கே நின்றாலும் பேசலாம், பாறையில் யாரும் ஏறுவதில்லை. மாமாவும் போன தையில் போய்ச் சேர்ந்தார். கடைசி வரைக்கும் அந்த டவர்க்காரனைத்தான் சபித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.