உதவ வேண்டாம் என்று சொல்லப் போனது

எண்பதுகளில் தாராவியில் ஒரு தர்ம கிளினிக்கில் மனநல ஆலோசகராக வேலை பார்த்தேன். மாட்டுங்காவில் என் அம்மாவுக்கு இந்த வேலையை யாரிடமும் விளக்கத் தெரியாது. "பொண்ணு ஆஸ்பத்திரில இருக்கா" என்று சொல்லிவிடுவாள். கேட்டவர்கள் பதறிப்போய், உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள். தாராவியில் அந்தச் சிக்கல் இல்லை. பேசியே குணமாக்குகிற டாக்டரம்மா என்று அவர்களாகவே பெயர் வைத்துவிட்டார்கள். நான் டாக்டர் இல்லை என்று கொஞ்ச நாள் சொல்லிப் பார்த்து ஓய்ந்துபோனேன்.

எனக்குப் பொறுமை குறைவு. பஸ் சற்றுத் தாமதித்தால் முணுமுணுத்துக்கொண்டே நடக்கத் தொடங்கிவிடுகிற ஆள் நான். அப்படிப்பட்டவளை ஒரு ரயில்வே பாலத்தின் படிகளில் மாதக்கணக்கில் நிற்க வைத்தாள் ஒரு பெண்.

முதலில் வந்தது அவளுடைய கணவர். திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம், தோல் பை தைக்கும் கார்கானா வைத்திருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. வீட்ல அவளுக்குத்தான். கல்லி முக்கத் தாண்டி வரமாட்டேங்கா. வருசக் கணக்காச்சு."

அவர்கள் குடியிருந்த குறுகலான சந்தைத்தான் கல்லி என்றார். இத்தனை வருடம் பேசாமல் இருந்துவிட்டு இப்போது வந்ததற்குக் காரணம் இருந்தது. ஒரே மகளை உல்லாஸ்நகரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவம். வழக்கப்படி மகள் தாய் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் அசையாமல் படுத்திருக்கச் சொல்லிவிட்டார் அங்கிருந்த டாக்டர். எனவே தாய்தான் போக வேண்டும். இவர் டாக்ஸி வைத்துப் பார்த்திருக்கிறார். குர்லாவில் வண்டிகள் நெரிசலில் நின்றதும் அவள் கதவைத் திறந்து இறங்கி, நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் வரமாட்டாள் என்பதால் நான் போனேன். பயந்து ஒடுங்கிய ஒருத்தியை எதிர்பார்த்துப் போன எனக்கு, கலகலவென்று பேசுகிற பெண்ணைப் பார்த்ததும் வீடு மாறி வந்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்தது. டீ கொடுத்தாள். என் பருத்திப் புடவையைத் தடவிப் பார்த்து, எங்கே எடுத்தது என்று கேட்டாள். மகளைப் பற்றிப் பேச்சு வந்தபோதுதான் குரல் இறங்கியது.

"மொதப் பேறுகாலம். உம்மா எங்கன்னு அவ கேப்பாள்லாம்மா. நான் என்ன சொல்ல?"

என்ன நடந்தது என்று நான் யாரிடமும் முதலில் கேட்பதில்லை. கேட்டால், பலமுறை சொல்லித் தேய்ந்துபோன கதைதான் வரும். இல்லையென்றால் வாய் அடைத்துப் போகும். உடம்பு என்ன செய்கிறது என்று கேட்பேன். அவளிடமும் அதைத்தான் கேட்டேன்.

"பயம் வரச்சே மொதல்ல எங்க தெரியறது?"

"தொண்டையில. பொறவு கையில."

"ரெண்டு கையிலயுமா?"

அவள் யோசித்தாள். "இல்ல, இந்தக் கையிலதான். மவளப் பிடிச்சிருந்தது இந்தக் கையி."

அதன்பின் அது தானாக வந்தது. மகள் சிறுமியாக இருந்தபோது ஒரு மழை நாள். ஸ்டேஷன் பாலத்தில் இரண்டு பக்கமிருந்தும் கூட்டம் ஏறி நெருக்கியிருக்கிறது. காலே தரையில் படவில்லையாம். மூச்சு முட்டி, பிடி நழுவி, பிள்ளை கூட்டத்துக்குள் போய்விட்டாள். கீழே ஒரு டீக்கடை ஓரத்தில் அழுதுகொண்டு நின்ற மகளைக் கண்டுபிடிக்கும் வரை, செத்துப்போயிருப்பாள் என்றே நினைத்திருக்கிறாள். வீட்டுக்கு வந்தால், இருவர் மேலும் ஒரு கீறல்கூட இல்லை.

"எல்லாரும் சொன்னாக, அதான் ஒண்ணும் ஆவலியேன்னு."

"ஆகாம என்ன? நெறையவே ஆயிருக்கு" என்றேன்.

அவள் முகத்தைத் துப்பட்டியால் மூடிக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. ஆலோசகர் கலங்கக் கூடாது என்று படிப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சொல்லிக் கொடுத்தவர்கள் அந்த வீட்டில் உட்கார்ந்ததில்லை.

போகப் போகத்தான் ஒன்று புரிந்தது. அவள் பயத்தை ஊட்டி வளர்த்தது அந்தக் கல்லியின் நல்ல மனசு. காய்கறியை எதிர்வீட்டுக்காரி வாங்கி வந்தாள். ரேஷனுக்குப் பக்கத்து வீட்டுப் பெண் போனாள். வளையல்காரர் வாசலுக்கே வந்தார். மிச்சம் மீதியைக் கணவர் சுமந்து வந்தார். அவள் முக்குவரை நடந்தால்கூட யாராவது ஓடிவந்து, "ஏன் லாத்தா, நாங்க இல்லையா?" என்று பையைப் பிடுங்கிக்கொள்வார்கள். ஒவ்வொரு முறையும் அவள் மனதுக்கு ஒரே செய்திதான் போய்ச் சேர்ந்தது: வெளியே உன்னால் முடியாது.

வீடு வீடாகப் போய், தயவுசெய்து உதவாதீர்கள் என்றேன். என்னை விநோதமாகப் பார்த்தார்கள். எதிர்வீட்டுக்காரிக்குக் கோபமே வந்துவிட்டது.

"நல்ல டாக்டரம்மா நீங்க. பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு கட்டு கீரை வாங்கிக் கொடுத்தது குத்தமா?"

"குத்தமில்லம்மா. கூட நடந்து போய்ட்டு வாங்கோ. வாங்கிண்டு வந்து மட்டும் தராதீங்கோ."

அவளாவது முனகிக்கொண்டே சம்மதித்தாள். கணவர்தான் மசியவில்லை. மனைவி வாசற்படி இறங்கினாலே, "பாத்து, பாத்து" என்பார். அவரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன்.

"அவங்க நடக்கறச்சே பின்னாலேர்ந்து கூப்பிடாதீங்கோ. பாத்துன்னு நீங்க சொன்னா, பயப்பட அங்க ஏதோ இருக்குன்னுதான் அவங்களுக்குக் கேக்கறது."

தலையாட்டினார். அடுத்த நாளும், "பாத்து" என்றார்.

கல்லி முக்கு, காய்கறிக்கடை, மெயின் ரோடு, கடைசியில் ஸ்டேஷன் என்று தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனோம். பயம் வரும்போது திரும்பி ஓடக் கூடாது, அது குறையும் வரை அங்கேயே நிற்க வேண்டும், அதுதான் ஏற்பாடு. மூச்சை இழுப்பதைவிட மெல்ல விடுவதில் கவனம் வைக்கச் சொன்னேன். அவள் கையை நான் பிடிக்கவில்லை. பிடித்துக்கொள்ளலாம் என்று பலமுறை தோன்றியது. பாலத்துப் படியில் ஒருநாள் ரயில் வந்து கூட்டம் இறங்கியதும், என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் ஓடிவிட்டாள். நான் கீழே ஒரு வடாபாவ் வாங்கித் தின்றபடி, பேசாமல் வங்கியில் வேலைக்குச் சேர்ந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். மறுவாரம் அவளே என்னைக் கூப்பிட்டு விட்டாள். அப்படியே என்னோடு பாலத்தின் நடுவரை வந்தாள். அதைத் தாண்டியதில்லை. தனியாக ஏறியதும் இல்லை.

அந்த நிலையில், சொன்ன நாளுக்கு முன்பே மகளுக்கு வலி கண்டுவிட்டது.

அன்று மத்தியானம் கணவர் கிளினிக்குக்கு வந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். என்னவோ ஏதோ என்று எழுந்துவிட்டேன்.

"போயிட்டாம்மா" என்றார். "தனியா போயிட்டா."

விடிந்ததும் கடை போனில் செய்தி வந்திருக்கிறது. இவர் டாக்ஸி பிடிக்க ஓடியிருக்கிறார். திரும்பி வந்தால் அந்த ஒற்றை அறைக் கோலி பூட்டிக் கிடக்கிறது. சாவி எதிர்வீட்டில். கூட வருகிறேன் என்ற எதிர்வீட்டுக்காரியிடம், "நீ வந்தா நான் திரும்பிருவேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். இவர் ஸ்டேஷனுக்கு ஓடினார்.

"பாலத்து மேல நிக்கா. கம்பியப் பிடிச்சுக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு நிக்கா. ஒரே கர்தி, கூட்டம். ஆள் ஆளா இடிச்சிட்டுப் போறான். கூப்பிட வாயத் தொறந்துட்டேன்."

"கூப்பிட்டீங்களா?"

"இல்ல. வாயப் பொத்திக்கிட்டேன். அவ கண்ணத் தொறந்தா, எறங்கிப் போனா. ரயில் காடி வந்துது. ஏறிட்டா. இப்பம்தான் போன் வந்துது. மவ பக்கத்துல இருக்காளாம். இன்னும் பொறக்கல."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்த மாலையே அவர்களுக்குப் பேத்தி பிறந்தாள். மத்தியானம் எங்களுக்கு அது தெரியாது. ஆனாலும் நான் அப்போதே நிறைந்து போயிருந்தேன். நல்ல காரியம் செய்தீர்கள், கூப்பிடாமல் இருந்தது பெரிய விஷயம் என்று அவரிடம் சொன்னேன். அவர் முகத்தில் மகிழ்ச்சியைத் தேடினேன். அது அங்கே இல்லை. தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு மழையில ரெண்டு பேரையும் தனியா அனுப்புனது நான்தாம்மா. நீங்களும் வாங்கன்னு கூப்பிட்டா. ஆர்டர் முடிக்கணும்னு கார்கானாவுலயே இருந்துட்டேன். இத்தன வருசத்துல ஏன் வரலன்னு அவ ஒரு வார்த்த கேட்டதில்ல."

தம்ளரை மேசை மேல் வைத்தார்.

"இன்னைக்கு அவ மேல நின்னப்ப நான் கீழ நின்னேன். அன்னைக்கும் நின்னிருக்கணும்லாம்மா?"