முதுகில் ஓட்டை போடாத அறை

அக்கா ஆம்பூரில் வீடு கட்டியது 2006இல். மாடியில் படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் தனியாக ஓர் அறை. பூச்சுக்கு முன்பே சுவருக்குள் ஒயர் ஓட்டி, திரைக்கு இருபுறமும், உட்கார்ந்தவரின் காது உயரத்தில், ஸ்பீக்கருக்குக் குழி விட்டிருந்தார்கள்.

பொருத்துவதற்குள் அக்கா கணவர் அந்தச் சுவருக்குத் தோல் போர்த்திவிட்டார். மாமாவுக்கு ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் பொறுப்பு. எதிரொலி வராது என்றார். முழு மாட்டுத் தோல்கள், ஆள் உயரத்துக்கு, படுக்கைவாட்டில். முதுகு நடுவில், வயிறு தரையோரம்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பிரதிஷ்டை ஜெபம். அதன்பின் சபைப் பாடகர் குழுவின் சிடியைப் போடுவதாக அக்கா எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். பல வருடம் பின்வரிசையில் நின்று பாடியவளுக்கு அதில்தான் முதல்முறையாகத் தனிப்பாட்டு. ஸ்பீக்கர் வாங்கியதே அதற்காக.

வெள்ளிக்கிழமை வந்த எலெக்ட்ரீஷியன் பாய், தோலைத் தட்டிப் பார்த்துக் குழியைக் கண்டுபிடித்துக் கத்தியை வைத்தார். மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாய், இன்னா பண்றீங்க? அது முதுகு. தோல்லயே ஒசத்தியான எடம்."

"ஒயர் இங்கதான சார் இருக்குது."

"முதுகுல எவனாவது ஓட்டை போடுவானா? வயித்துல போடுங்க."

"அங்க செங்கல்லு சார்."

"ஒடைங்க. சுவத்த பூசிக்கலாம். முதுகுல ஓட்டை உழுந்தா யாரு பூசுறது?"

"மாமா, பாட்ட காதால கேக்கணுமா, கணுக்காலால கேக்கணுமா?" என்றேன்.

"உனக்குத் தோலப் பத்தி தெரியாது மச்சான்."

பாய் தரையோரம் இந்த மூலையில் ஒன்று, அந்த மூலையில் ஒன்று என்று குறி போட்டார். மாமா அதையும் அழித்தார். இடது ஷூவையும் வலது ஷூவையும் ஒரே தோலில் பக்கத்துப் பக்கத்தில்தான் வெட்டுவார்களாம். இல்லையென்றால் ஜோடி சேராதாம்.

"ஸ்பீக்கர் எங்கியும் நடக்கப் போறதில்ல சார். ஜாஸ்தி பேஜார் பண்றீங்க" என்றார் பாய். ஆனாலும் உடைத்தார். சனிக்கிழமை மாலை இரண்டு ஸ்பீக்கரும் தரையோரம் ஒன்றையொன்று ஒட்டி உட்கார்ந்திருந்தன.

அக்கா பார்த்தாள். "என் பாட்ட எறும்புக்கா போட்டுக் காட்டப் போறீங்க?"

மாமா தோல்மேல் படிந்த செங்கல் தூளைத் துடைத்தார். அன்றிரவு இருவரும் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஞாயிறு, ஜெபம் முடிந்து எல்லோரும் மாடி ஏறினார்கள். அறை நிறைந்துவிட்டது. மாமா சிடியைப் போட்டார். வந்த சத்தம் முன்னால் நின்றவர்களின் வேட்டியிலும் சேலையிலும் முட்டி நின்றது. சத்தத்தைக் கூட்டினால் தொளதொளத்த வயிற்றுத் தோல் படபடவென்று அடித்துக்கொண்டது. குறைத்தார். அக்காவின் பகுதி வரப்போகிறது. அவள் வாசற்படியில் நின்று முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

குழுவில் அவளோடு பாடும் ஒரு டீச்சர் குனிந்தார். போதவில்லை, முழங்காலிட்டார். பக்கத்தில் இருந்த நர்சம்மா முழங்காலிட்டார். மூட்டுவலிக்காரரான சபை ஐயர் சோபாவைப் பிடித்து மெல்ல இறங்கினார். போதகரே இறங்கியபின் யார் நிற்பார்கள்? படியேறி வந்த சிலர் இன்னொரு ஜெபம் தொடங்கிவிட்டது என்று நினைத்து, தலையில் முக்காடிட்டுக் கண்களை மூடிக்கொண்டார்கள்.

அந்த அமைதியில், தரையிலிருந்து அக்காவின் குரல் தெளிவாக எழுந்தது. ஒருவரும் இருமவில்லை. கடைசி அடி முடிந்ததும் கண்மூடியவர்களில் ஒருவர் "ஆமென்" என்றார்.

மாமா நிறுத்தப் போனார்.

"இருங்க," என்றாள் அக்கா, முந்தானையை விட்டுவிட்டு. "யாரும் இன்னும் எழுந்துக்கல. இன்னொரு வாட்டி போடுங்க."