நான் பாதியில் மூடிய புத்தகம்

இது நடந்து மூன்று வருடம் இருக்கும். புத்தளம் மாவட்டத்துக் கரைத்தீவில், கடற்களப்புப் பக்கமாக, எங்கள் பெண்கள் மத்ரஸாவோடு ஒட்டிய ஒரு சின்ன அறையில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அந்த அறைதான் எங்கள் ஊர்ப் பெண்களின் நூலகம். நூலகம் என்பது கொஞ்சம் பெரிய பேச்சு. இரண்டு அலுமாரி, ஒரு மேசை, நான்கு பிளாஸ்டிக் கதிரை, பெயர் பதிய ஒரு கொப்பி, அவ்வளவுதான். அதற்குப் பொறுப்பாக நான் இருந்தேன். வயது இருபத்தேழு. அரபுக் கல்லூரியில் ஏழு வருடம் ஓதி முடித்து, சான்றிதழ் வாங்கி, மத்ரஸாவில் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நினைத்துத் திரிந்த காலம்.

கொழும்பில் வீடு மாறிய ஒரு குடும்பம் நான்கு பெட்டி நிறையப் புத்தகம் அனுப்பியிருந்தது. பிரித்துப் பார்த்தால் முக்கால்வாசி நாவல். நிர்வாகத்தில் இருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். ஒருவர் திருப்பி அனுப்பச் சொன்னார். இன்னொருவர் பழைய பேப்பர்காரனுக்குப் போடச் சொன்னார். நான்தான் நடுவில் புகுந்து ஒரு வழி சொன்னேன். ஒவ்வொரு நாவலையும் நான் வாசிக்கிறேன். கதாநாயகி மார்க்கத்துக்கு முரணாக என்னென்ன செய்கிறாள் என்று ஒரு பச்சைச் சீட்டில் எழுதி முதல் பக்கத்தில் ஒட்டிவிடுகிறேன். வாசிக்கிறவர்கள் கவனமாக வாசித்துக்கொள்ளட்டும். இந்த யோசனை எல்லாருக்கும் பிடித்துப்போனது. எனக்குத்தான் எல்லாரையும்விட அதிகமாகப் பிடித்திருந்தது. கதாநாயகனுக்கும் ஒரு சீட்டு ஒட்டலாம் என்று அவர்கள் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

ஒரு மாதத்தில் நாற்பது நாவலுக்குச் சீட்டு ஒட்டினேன். ‘பெற்றோருக்குத் தெரியாமல் கடிதம் எழுதுகிறாள்.’ ‘பஸ்ஸில் அந்நிய ஆணின் பக்கத்தில் உட்காருகிறாள்.’ ‘கணவனை எதிர்த்துப் பேசுகிறாள், இரண்டு இடங்களில்.’ இப்படியெல்லாம் எழுதினேன். கையெழுத்து அழகாக இருக்க வேண்டும் என்று அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு எழுதினேன். அதற்குப் பிறகு புத்தகம் எடுக்க வருகிறவர்களின் எண்ணிக்கை கூடியது. என் எச்சரிக்கைக்குக் கிடைத்த வரவேற்பு என்று சந்தோஷப்பட்டேன். சீட்டு நீளமாக இருக்கிற புத்தகங்களைத்தான் பெண்கள் தேடித் தேடி எடுக்கிறார்கள் என்பதை என் தங்கைதான் கண்டுபிடித்து, ஒரு கிழமை முழுக்க என்னைப் போட்டு வாட்டினாள்.

அந்த நாட்களில் எங்கள் நூலகத்தின் முதல்தர வாசகி, நூலகத்துக்கு ஒரு நாளும் வராத ஒரு பெண். மாம்புரிப் பக்கம் தோட்டம் செய்துகொண்டிருந்த அவருடைய கணவர் நெஞ்சு வலி வந்து திடீரென்று மவுத்தாகிவிட்டார். அந்தப் பெண் இத்தாவில் இருந்தார். கணவரை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டிய காலம் அது. அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். பிள்ளைகள் இல்லை. மூத்த சகோதரிதான் கூட இருந்து பார்த்துக்கொண்டார். அந்த ராத்தா நான்கு நாளைக்கு ஒரு தடவை வருவார். இரண்டு நாவலைத் தந்துவிட்டு இரண்டை வாங்கிக்கொண்டு போவார். தங்கை சொல்லிவிட்ட செய்தியும் சில வேளை கூட வரும். ஒரு தடவை, ஒரு நாயகிக்கு நான் எழுதிய சீட்டைக் காட்டி, “இந்தப் புள்ளயோட டீச்சருக்கு என்ன கோவம் எண்டு கேக்கச் சொன்னா” என்றார். நான் சிரித்துவிட்டு அடுத்த புத்தகத்தைப் பதிந்தேன்.

ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். ராத்தா வந்து ஒரே ஒரு புத்தகத்தை மட்டும் மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினார். புதிது வேண்டாமா என்று கேட்டேன். தங்கைக்குக் காய்ச்சல், வாசிக்க ஏலாமல் படுத்திருக்கிறார் என்றார். நான் விடவில்லை, என்ன காய்ச்சல் என்று கேட்டேன். தயங்கித் தயங்கித்தான் சொன்னார். தங்கைக்கு நீண்ட காலமாகச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. இரண்டு கிழமைக்கு முன் குசினி வாசலில் கிடந்த தகரத்தில் கால் விரல் பட்டுக் கிழிந்திருக்கிறது. மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். இப்போது கால் வீங்கி, மணக்கவும் தொடங்கிவிட்டது.

“ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகல்லையா?” என்றேன்.

“போக மாட்டேன் எண்டு நிக்கிறா. இத்தாவில போறது கூடாதாம். நீங்கதான் எழுதியிருக்கீங்களாம்.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் அப்படி எங்கேயும் எழுதவில்லை என்று அந்த நேரம் அடித்துச் சொல்லியிருப்பேன். இத்தாவில் இருக்கிற பெண் வைத்தியத்துக்கு வெளியே போகலாம் என்பது நான் ஓதிய பாடம். சோதனையில் அதற்குப் பதில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன். அறையைப் பூட்டிவிட்டு ராத்தாவோடு போனேன்.

ராத்தாவின் தங்கை கட்டிலில் சுவரோடு சாய்ந்து, காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு இருந்தார். அறைக்குள் நுழையும்போதே அந்த மணம். விரலைப் பார்த்தேன். பார்த்ததை இங்கே எழுத விரும்பவில்லை. உடனே புறப்படுங்கள் என்றேன். அவர் பக்கத்தில் கிடந்த நாவலை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்து என்னிடம் நீட்டினார். இரண்டாம் தரம் வாசிப்பதற்காகத் திருப்பித் தராமல் வைத்திருந்த புத்தகம் அது. பச்சைச் சீட்டில் என் அழகான கையெழுத்து. ‘கதாநாயகி இத்தாக் காலத்தில் பட்டப்பகலில் வீட்டை விட்டு வெளியேறுகிறாள். அந்நிய ஆணின் வாகனத்தில் ஏறுகிறாள். இது முற்றிலும் தவறு. வாசகிகள் இதைப் பின்பற்றக் கூடாது.’

“புள்ளைக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினவளையே கூடாதெண்டு எழுதியிருக்கீங்க டீச்சர். என்ட கால் விரல் அதவிடப் பெரிசா?”

“எந்தப் புள்ளைக்கு?” என்று கேட்டுவிட்டேன்.

அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். “கதையில வார புள்ளைக்குத்தான்” என்றார் ராத்தா.

நின்றபடியே பக்கங்களைப் புரட்டினேன். கதாநாயகி கதவைத் திறந்து வெளியே வந்து வாகனத்தில் ஏறுவதோடு ஓர் அத்தியாயம் முடிகிறது. அடுத்த அத்தியாயம் அவளுடைய சின்ன வயதுக்குப் போகிறது. பதினொரு பக்கம் தள்ளித்தான் அவள் மடியில் ஒரு குழந்தை இருந்தது, அது நீலம் பாரித்துக் கிடந்தது, ஓட்டோக்காரர் சிவப்பு விளக்கில்கூட நிற்காமல் போனார் என்றெல்லாம் வருகிறது. அந்தப் பதினொரு பக்கத்தை நான் வாசித்திருக்கவில்லை. குற்றம் கிடைத்ததும் புத்தகத்தை மூடிவிட்டு அடுத்ததை எடுத்திருக்கிறேன். சோதனைத் தாள் திருத்துகிற வேகத்தில் நாற்பது பெண்களுக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறேன்.

எனக்கு முகம் சூடேறியது. ஆனாலும் உண்மையை அப்போதே சொல்லிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். முதலில் சட்டம் பேசினேன். மார்க்கத்தில் இதற்கு அனுமதி இருக்கிறது, நோய்க்குப் போகலாம், போகாமல் இருப்பதுதான் பாவம் என்று ஆதாரங்களோடு அடுக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு தலையை ஆட்டினார்.

“நீங்க இப்ப என்ட காலப் பாத்துட்டு இரக்கப்பட்டுச் சொல்றீங்க. அத எழுதக்குள்ள ஒருத்தர்லயும் இரக்கப்படாமத்தானே எழுதியிருப்பீங்க. அதுதானே சரியான தீர்ப்பு? எனக்கு இன்னும் அம்பத்திரண்டு நாள்தான் இரிக்கு. அவர்ட கடமைய ஒழுங்கா முடிச்சிட்டுப் போறேன்.”

அவர் பிடிவாதத்தில் பேசவில்லை. செத்துப்போன மனிதனுக்குத் தன்னால் செய்ய முடிந்த கடைசிக் காரியம் இது என்று நம்பிக்கொண்டிருந்தார். அதைக் கெடுக்கக்கூடாது என்று காய்ச்சலோடு போராடிக்கொண்டிருந்தார். யாராவது ஒரு மௌலவிக்கு அழைத்து அவர் வாயால் சொல்ல வைக்கலாமா என்று போனைக் கையில் எடுத்தேன். எடுத்த பிறகுதான் எனக்கே உறைத்தது, நான் அவருடைய காலைக் காப்பாற்றப் பார்க்கவில்லை, என் பெயரைக் காப்பாற்றப் பார்க்கிறேன் என்று. போனைப் பைக்குள் போட்டேன்.

“நான் இந்தப் புத்தகத்த முழுசா வாசிக்கல்ல” என்றேன். “புள்ள இருந்தது எனக்குத் தெரியாது. வாகனத்தில ஏறின பக்கத்தோட மூடிட்டன். இதில எழுதியிருக்கிறது தீர்ப்பே இல்ல.”

“அல்லாஹ்!” என்றார் ராத்தா.

தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“மத்தப் புத்தகங்களும் இப்பிடித்தானா?”

“அரைவாசிக்கு மேல.”

தலையணையிலிருந்து காலை மெல்ல இறக்கினார். பிறகு, “ராத்தா, என்ட அபாயாவ எடுங்க” என்றார்.

பக்கத்து வீட்டுக்காரரின் ஓட்டோவில் புத்தளத்துக்குப் போனோம். வழியெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஓதிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் ஒருவர் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, ஏன் இவ்வளவு நாள் வைத்திருந்தீர்கள் என்று சிங்களத்தில் கோபமாகக் கேட்டார். ராத்தாவின் தங்கை ‘இத்தா’ என்று ஒரு சொல் சொன்னார், அது என்ன என்று டாக்டர் கேட்க, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினார். சீட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, இன்றுவரை ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. இரண்டு விரல்களை எடுத்தார்கள். பாதம் தப்பியது. இன்னும் இரண்டு மூன்று நாள் பிந்தியிருந்தால் காலையே எடுக்க வேண்டி வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதை ராத்தா இப்போதும் எல்லாரிடமும் சொல்வார். முதல் கிழமையே போயிருந்தால் அந்த இரண்டு விரல்களும் இருந்திருக்கும். இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை, எனக்கே தெரியும்.

நிர்வாகத்திடம் போய் நடந்ததை நானே சொன்னேன். வேலையிலிருந்து நிறுத்துவார்கள் என்று நினைத்தேன். ஒருவர், “பரவாயில்ல டீச்சர், கதைப் புத்தகத்த ஆர் கடைசி மட்டும் வாசிக்கிறாங்க” என்று என்னைத் தேற்றினார். அந்த ஆறுதல் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

நாற்பது நாவலையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தேன். ஏழு மாதம் பிடித்தது. பல சீட்டுகளை ஈரத்துணியால் நனைத்து உரித்தேன், பசை நன்றாகப் பிடித்திருந்ததால் சில இடங்களில் தாளும் சேர்ந்து கிழிந்தது. எல்லாவற்றையும் உரிக்கவில்லை. முழுதாக வாசித்த பிறகும் சில நாயகிகள் செய்தது தவறு என்றுதான் நினைக்கிறேன், அதை நினைக்கிற உரிமை எனக்கு இருக்கிறது.

இத்தா முடிந்து அவர் முதன்முதலாக நூலகத்துக்கு வந்தபோது கொஞ்சம் சாய்ந்து நடந்தார். புத்தகங்களை எடுத்து எடுத்துப் பார்த்தார். ஒன்றை மேசையில் வைத்து, “இத முடிச்சிட்டீங்களா டீச்சர்?” என்று கேட்டார். குத்திக் காட்டுகிற குரல் இல்லை, விலை கேட்கிற மாதிரிச் சாதாரணமாகக் கேட்டார். முடித்துவிட்டேன் என்றேன். பதிந்து வாங்கிக்கொண்டு போனார். இப்போதும் ஒவ்வொரு தடவையும் அதே கேள்வியைக் கேட்ட பிறகுதான் புத்தகம் எடுப்பார். புதிதாக வந்த புத்தகத்தை நான் இன்னும் முடிக்கவில்லை என்றால் அப்படியே வைத்துவிட்டு வேறொன்றைப் பார்ப்பார்.

உயிருள்ள ஒரு பெண் என் முன்னால் வந்து நின்றிருந்தால், ஏன் வெளியே போனாய் என்று முதலில் கேட்டிருப்பேன், எனக்குப் படிப்பித்ததும் அதுதான். கதையில் வருகிறவள் இல்லாத பெண்தானே, இவளுக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று ஒரு கேள்வியும் கேட்காமல் எழுதிவிட்டேன்; அதற்குக் கட்டுப்பட்டு வீட்டுக்குள் கிடந்தது உண்மையாகவே இருக்கிற ஒரு பெண்.